வினாவா நிறுவல் வட்டு: அதன் பிழைகளும் அவற்றை அறியும் நெறியும்

கணினி ஒன்றில் பணிசெயல் முறைமையை நிறுவுங்காலை அது நிறுவுவோனைப் பல வினாக்கள் வினாவுகின்றது. எந்த வன்தட்டில் எந்தப் பிரிவில் தங்குவது, கணினியின் பெயர் யாது, மொழி யாது, நேரவலயம் யாது, உரிம விதிகளுக்கு உடன்பாடு உண்டா, உரிம இலக்கம் யாது என்றவாறு அவை தொடரும். ஒரு கணினிக்கு இவற்றின் விடைகளை அளித்தல் எளிது. முப்பது கணினிகள் கொண்ட கல்லூரி ஆய்வுகூடம் ஒன்றிலோ அவ்வினாக்கள் முப்பது முறை எழும். பத்தாவது கணினிக்குள் நிறுவுவோனுக்குச் சலிப்பு உண்டாகும். இருபதாவதற்குள் பிழை நேரும். இவ்விடரை நீக்கும்பொருட்டே விடைகள் அனைத்தையும் முன்னரே ஒரு கோப்பில் எழுதி, அதனை நிறுவல் வட்டிலேயே பொதிந்து வைக்கும் முறை தோன்றிற்று.

இம்முறைக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் 'கவனிப்பாரற்ற நிறுவல்' என்றாகும். அத்தொடர் தமிழில் ஆதரவின்றிக் கைவிடப்பட்டதனைக் குறிக்குமாதலின் அது பொருந்தாது. 'வினாவா நிறுவல்' என்பதே ஈண்டு ஆளப்படுகின்றது. வினாவாத என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் ஈறு கெட்டு நின்றது. இப்பெயர் பொருந்துதற்கு வேறொரு காரணமும் உண்டு. இவ்வட்டுக்களால் நேரும் கேடுகளுட் கொடியவை யாவும், கேட்கவேண்டிய இடத்தில் வட்டுக் கேளாது விட்டமையாலேயே நேர்வன.

வினாவா நிறுவலை விளக்குதற்கு மிக ஏற்ற எடுத்துக்காட்டு விண்டோஸ் எக்ஸ்.பி. ஆகும். 2001ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த அம்முறைமைக்கு அதனை ஆக்கிய நிறுவனம் அளித்த ஆதரவு 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆந் திகதி முடிவுற்றது. அதனை இன்று இணையத்தோடு தொடுத்துப் பயன்படுத்துதல் அறிவுடைமையன்று. ஆயினும் பழைய அளவைக் கருவிகளோடு பிணைந்த கணினிகள் சிலவற்றில் அது வேண்டப்படுகின்றது. அன்றியும், அதன் நிறுவல் வட்டின் உள்ளுறுப்புக்கள் பெரும்பாலும் வெற்றெழுத்துக் கோப்புக்களாக இருத்தலின், பிழை எங்கே பிறக்கின்றது என்பதைக் கண்ணாற் காண இயலும். பின்வந்த முறைமைகளில் அவை மறைந்து போயின.

அவ்வட்டில் 'ஐ386' என்னும் கோப்புறையே தலையாயது. முறைமையின் கோப்புக்களுட் பெரும்பாலன சுருக்கப்பட்ட நிலையில் அதனுள் உள. சுருக்கப்பட்ட கோப்பின் பெயரீற்று எழுத்துக்குப் பதிலாக அடிக்கோடு ஒன்று இடப்பட்டிருக்கும். விடைக்கோப்பு 'வின்என்ரி.சிஃப்' என்னும் பெயரோடு இக்கோப்புறையினுள்ளேயே இருத்தல் வேண்டும். நிறுவுவோன் தானாகச் சேர்க்கும் செலுத்திகளும் செயலிகளும் இரு டொலர்க்குறிகளுக்கிடையே ஓ.ஈ.எம். என்னும் எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட வேறொரு கோப்புறையில் வைக்கப்படும். அக்கோப்புறை ஐ386 இன் உள்ளேயன்று, அதன் பக்கத்தே, வட்டின் முதல் மட்டத்தில் இருத்தல் வேண்டும்.

இனி, வட்டுப் பயன்படாதவிடத்து முதலில் வினாவ வேண்டியது 'என்ன பிழை' என்பதன்று. 'எவ்விடத்தில் நின்றது' என்பதாகும். நிறுவல் நான்கு நிலைகளாக நடைபெறுகின்றது. வட்டிலிருந்து கணினி எழும்புதல் ஒன்று. நீலத்திரையில் எழுத்துக்கள் மட்டும் தோன்ற, வன்தட்டுப் பிரிக்கப்பட்டுக் கோப்புக்கள் படியெடுக்கப்படுதல் மற்றொன்று. கணினி மீளத் தொடங்கியபின் படத்திரையில் சாதனங்கள் நிறுவப்படுதல் மூன்றாவது. பயனர் முதன்முறை உட்புகுங்காற் செயலிகள் நிறுவப்படுதல் நான்காவது. ஒவ்வொரு நிலையிலும் வட்டின் வெவ்வேறு பகுதி வாசிக்கப்படுதலின், நின்ற இடம் தெரிந்தால் ஐயுறவேண்டிய கோப்புக்களின் தொகை நூற்றில் ஒன்றாகக் குறையும். இதனை அறியாதார் வட்டு முழுவதையும் மீண்டும் மீண்டும் ஆக்கிக் காலத்தை வீணாக்குவர்.

எழும்பும் நிலையிற் பிழைகள் சிலவே. வட்டிலிருந்து கணினி எழும்பும் முறை 'எல் டொறிற்றோ' என்னும் 1995ஆம் ஆண்டு வரையறையைத் தழுவியது. எக்ஸ்.பி. வட்டின் தொடக்கத் துண்டு 2048 பைற்று அளவினது. ஆனால் அவ்வரையறை துண்டுகளை 512 பைற்றாகக் கொண்டு எண்ணும். ஆகவே வட்டை எழுதும் செயலியில், ஏற்றப்படவேண்டிய துண்டுகளின் எண்ணிக்கை 4 எனக் குறித்தல் வேண்டும். 1 எனக் குறிப்பின் நாலில் ஒரு கூறே நினைவகத்தில் ஏறுமாதலின் திரை இருண்டபடியே நிற்கும். ஏற்றி ஒன்று காணப்படவில்லை எனச் செய்தி தோன்றுமாயின், ஐ386 கோப்புறை முதல் மட்டத்தில் இல்லாமல் வேறொரு கோப்புறையினுள் அடைபட்டிருத்தலே பெரும்பாலும் காரணமாம். வட்டுக்குரிய கோப்புறையை அதன் வெளிப்பெயரோடு சேர்த்து இழுத்து விட்டதால் வந்தது அது. இன்னும், முதல் மட்டத்தில் 'வின்51' எனத் தொடங்கும் பெயருடைய சிறு கோப்புக்கள் சில உள. உள்ளே பொருளற்றனபோலத் தோன்றும் அவையே வட்டின் அடையாளச் சீட்டுக்கள். அவற்றைக் குப்பையென நீக்கினார்க்கு, வட்டு உள்ளே இருக்கவும், வட்டை இடுக என்று நிறுவல் இடையே கேட்கும்.

விடைக்கோப்பு இருந்தும் நிறுவல் வழக்கம்போல் வினாக்களைத் தொடுக்கின்றதெனின், அது கோப்பைக் காணவில்லை என்பதே கருத்து. விடைக்கோப்பை ஆக்கித்தரும் துணைச்செயலி எக்ஸ்.பி. வட்டிலேயே ஒரு மூலையில் உள்ளது. அது தானாக இடும் பெயர் வேறு. அப்பெயரை மாற்ற மறந்தார் பலர். மாற்றியும் பயன்பெறாதார் வேறு சிலர். விண்டோஸ் பெயரீறுகளை மறைத்துக் காட்டும் இயல்பினதாகலின், எழுதுகருவி ஈற்றில் ஒட்டிய மற்றோர் ஈறு கண்ணுக்குப் புலப்படாது. பெயர் சரியெனவே தோன்றும். பெயரீறுகளைக் காட்டுமாறு அமைத்து நோக்கின் உண்மை வெளிப்படும். ஒரே ஒரு வினா மட்டும் எழுமாயின், அவ்வினாவுக்குரிய வரியில் எழுத்துப்பிழை உண்டு, அல்லது இடைவெளியுள்ள விடை மேற்கோட்குறிகளுள் அடைக்கப்படவில்லை என்று கொள்ளலாம்.

எழுத்துத்திரை நிலையே ஆழ்ந்து நோக்கற்பாலது. 'இக்கோப்பைப் படியெடுக்க முடியவில்லை' என்னுஞ் செய்தி இந்நிலையில் அடிக்கடி தோன்றும். அதற்குக் காரணம் மூன்று: வட்டு நன்கு எழுதப்படாமை, கணினியின் நினைவகம் பழுதுற்றமை, கோப்பு உண்மையிலேயே வட்டில் இல்லாமை. இவற்றைப் பிரித்தறியும் வழி எளிது. நிறுவலை இருமுறை நடத்தி, தடைப்பட்ட கோப்பின் பெயரைக் குறித்துக்கொள்க. இருமுறையும் ஒரே கோப்பாயின் பிழை வட்டினுடையது. வெவ்வேறு கோப்பாயின் நினைவகத்தையோ வட்டியக்கியையோ ஐயுறுக. பின் ஒரே வட்டை வேறொரு கணினியில் இட்டு நோக்கின் ஐயம் முற்றும் தீரும். கோப்பு இல்லாமைக்குக் காரணம் பெரும்பாலும் வட்டைச் சிறிதாக்கும் வேட்கையே. 'என்லைற்' போன்ற செயலிகள், வேண்டாத உறுப்புக்களை நீக்கி வட்டைச் சுருக்க உதவின. ஓர் உறுப்பை நீக்குங்கால் அதனைச் சார்ந்து நிற்கும் பிறிதோர் உறுப்பும் நிலைகுலையும் என்பதைப் பலர் எண்ணிலர். அச்சுப்பொறி சார்ந்த உறுப்புக்களை நீக்கிவிட்டு, ஆறு திங்கள் கழிந்தபின் அச்சுப்பொறி ஒன்றை வாங்கித் திகைத்தல் நகைப்பிற்குரியதாயினும் நிகழாததன்று. சேமிக்கப்படும் சில மெகாபைற்று இடத்திற்காக இவ்வாறு செய்தல் தகாது. நீக்கியே தீரவேண்டுமெனின், முன்பு நீக்கப்பட்ட படியின்மேல் மீண்டும் நீக்காது, ஒவ்வொரு முறையும் மூலவட்டின் புதிய படியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இந்நிலைக்குரிய மற்றொரு பெருந்தடை, 7பி என முடியும் நிறுத்தக்குறியோடு தோன்றும் நீலத்திரையாகும். தொடக்க வன்தட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள். எக்ஸ்.பி. தோன்றிய காலத்து வன்தட்டுக்கள் ஐ.டீ.ஈ. முறையில் இணைக்கப்பட்டன, பின்னர் சாற்றா முறை பரவி, ஏ.எச்.சி.ஐ. என்னும் கட்டுப்படுத்தி வழக்காயிற்று. அதற்குரிய செலுத்தி எக்ஸ்.பி. வட்டில் இல்லை. வழக்கமான நிறுவலில், நிறுவல் தொடங்கும்போது எஃப்6 விசையை அழுத்தி நெகிழ்வட்டிலிருந்து செலுத்தியை அளித்தனர். வினாவா நிறுவலில் விசையை அழுத்துவார் இலர். நெகிழ்வட்டியக்கியும் பின்வந்த கணினிகளில் இல்லாதொழிந்தது. எனவே செலுத்தி வட்டினுள் சேர்க்கப்படல் வேண்டும். ஈண்டுதான் பலர் வழுவினர். படத்திரை நிலையிற் பயன்படுஞ் செலுத்திகளுக்கென விடைக்கோப்பில் வழியொன்று குறிக்கப்படும். வன்தட்டுச் செலுத்தியையும் அவற்றோடு வைத்து அமைந்தார் அவர். படத்திரை நிலையோ வன்தட்டிலிருந்து தொடங்குவது. வன்தட்டை அணுக உதவுஞ் செலுத்தி அதற்கு முன்னரே, எழுத்துத்திரை நிலையிலேயே, ஏற்றப்படல் வேண்டும். ஆகவே அது எழுத்துத்திரை நிலைக்குரிய பட்டியலில் தனியே பதியப்படல் இன்றியமையாதது. இதனைச் செய்ய இயலாவிடத்து, கணினியின் அடிப்படை அமைப்பில் வன்தட்டுக் கட்டுப்படுத்தியைப் பழைய ஐ.டீ.ஈ. ஒப்புமை முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் வசதி எல்லாக் கணினிகளிலும் இல்லை.

வட்டுக்களை மெய்ந்நிகர்க் கணினியில் சோதித்தல் நல்ல வழக்கம். ஓர் இறுவட்டும் வீணாகாது. நிறுவல் கெட்டாலும் இழப்பில்லை. ஆயினும் அச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. எக்ஸ்.பி. க்கென அமைக்கப்படும் மெய்ந்நிகர்க் கணினி பெரும்பாலும் பழைய ஐ.டீ.ஈ. கட்டுப்படுத்தியையே உடையதாகக் காட்டும். ஆகவே அங்கே இனிது நிறைவேறிய வட்டு, உண்மைக் கணினியில் முதல் நிமிடத்திலேயே நீலத்திரையோடு நிற்றல் கூடும். வட்டிற் பிழையில்லை என்று வாதிடுவார் இவ்வேறுபாட்டை நோக்குக.

படத்திரை நிலையிற் பிழைகள் வேறு வகையின. சாதனங்களை நிறுவுங்கால், ஒப்பமிடப்படாத செலுத்தி ஒன்று எதிர்ப்படின் 'தொடரலாமா' என்று நிறுவல் வினாவும். அதனைப் புறக்கணிக்குமாறு விடைக்கோப்பிற் குறியாவிட்டால், வினாவா வட்டு ஒருவரும் இல்லாத அறையில் விடைக்காகக் காத்திருக்கும். நிறைவேற இன்னும் 12 நிமிடம் எனத் திரை காட்டும் வேளையில், கட்டளைப் பட்டியற் கோப்பு ஒன்றில் எழுதப்பட்ட கட்டளைகள் வரிசையாக நிறைவேறும். அவ்வேளையில் எப்பயனரும் உட்புகுந்திலர். வலையமைப்பை நம்பவும் இயலாது. பயனருக்குரிய அமைப்புக்களைப் பதிவேட்டில் எழுதும் கட்டளையை அங்கு இடின், அது குறித்த பயனரைச் சென்றடையாது, பின்னர் உருவாகும் பயனர்க்கெல்லாம் முன்மாதிரியாகிய பதிவிற் சென்று சேரும். சிலர் இதனையே பயனாகக் கொள்வர். அறியாதார் தம் கட்டளை வீணாயிற்று என்பர்.

கட்டளைப் பட்டியல் முழுவதுமே நிறைவேறாதாயின் மூன்றிடங்களை நோக்குக. ஓ.ஈ.எம். கோப்புறை முதல் மட்டத்தில் உளதா, விடைக்கோப்பில் அதனைப் பயன்படுத்துமாறு 'ஆம்' எனக் குறிக்கப்பட்டுளதா, ஒவ்வொரு கட்டளையும் மேற்கோட்குறிகளுள் அடைபட்டுளதா என்பன அவை. இந்நிலையில் ஷிப்ற், எஃப்10 ஆகிய இரு விசைகளையும் ஒருங்கே அழுத்தின் கட்டளைச் சாளரம் ஒன்று திறக்கும். அதன்வழியே விண்டோஸ் கோப்புறையிலுள்ள நிகழ்ச்சிப் பதிவுகளை வாசிக்கலாம். பிழைகளை மட்டும் தனியே குறிக்கும் பதிவு ஒன்று உண்டு. செலுத்திகளின் வரலாற்றை விரித்துரைக்கும் பதிவு பிறிதொன்று. நிறுவல் நின்ற நேரத்தையும் பதிவின் கடைசி வரியையும் ஒப்புநோக்குதல், ஊகங்கள் பலவற்றினும் மேலானது.

செயலிகளை நிறுவும் நான்காம் நிலையில், ஒவ்வொரு செயலிக்கும் வினாவாது நிறுவுதற்குரிய குறியீடு வேறு. சிலவற்றில் பேரெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் வேறுபாடு உண்டு. பேரெழுத்து 'எஸ்' இருக்கவேண்டிய இடத்தில் சிற்றெழுத்தை இட்டால் செயலி வழக்கம்போல் வினாவத் தொடங்கும். ஒரு நிறுவல் முடியுமுன் மற்றொன்று தொடங்கின், 1618 என்னும் பிழையெண்ணோடு பின்னது மறுக்கப்படும். முன்னது முடியுந்துணையும் காத்திருக்குமாறு கட்டளையிற் குறித்தல் வேண்டும். இறுவட்டியக்கியின் எழுத்தை 'டி' எனவே எழுதிவைத்தல் மற்றொரு தவறு. வன்தட்டு இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்ட கணினியில் அவ்வெழுத்து இரண்டாம் பிரிவுக்கு உரியதாகலாம். எழுத்துக்களை ஒவ்வொன்றாக நோக்கி, வட்டின் அடையாளக்கோப்பு எங்கே உளது எனத் தேடுமாறு கட்டளை எழுதுதலே தக்கது.

பிழையென்று தெரியாத பிழைகளும் உள. இலங்கையரை நேரே தொட்ட ஒன்றைக் காட்டலாம். விடைக்கோப்பில் நேரவலயம் ஓர் எண்ணாற் குறிக்கப்படும். இலங்கைக்குரிய எண் 200. 2001ஆம் ஆண்டு மூலவட்டில் அவ்வலயம் கிரீனிச் நேரத்திற்கு 6 மணி முந்தியதாக உள்ளது. அக்காலத்து இலங்கை நேரமும் அதுவே. 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி இலங்கை 5½ மணி முந்திய பழைய நேரத்திற்கே மீண்டது. அதன்பின், புதுப்பிக்கப்படாத மூலவட்டைக்கொண்டு நிறுவிய கணினிகள் எவ்விதச் செய்தியுமின்றி அரைமணி முந்திய நேரத்தைக் காட்டின. விடைக்கோப்பில் எழுத்துப்பிழை இல்லை, எண்ணும் சரி, வட்டின் அறிவே பழையது. பிற்காலப் புதுப்பித்தல்களை வட்டோடு ஒன்றச்செய்தலே இதற்கு மருந்து. அது கூடாதவிடத்து, இந்தியாவுக்குரிய 190 என்னும் எண்ணை இட்டு நேரத்தைச் சரிசெய்யலாம். கடவுச்சொல்லும் உரிம இலக்கமும் விடைக்கோப்பில் எவரும் வாசிக்கத்தக்க எழுத்தாக இருத்தலையும் இவ்வகையிற் சேர்த்தெண்ணுக. வட்டைக் கைமாற்றுவோர் அவற்றையும் கைமாற்றுகின்றனர்.

இனி, தலையாய கேடு. விடைக்கோப்பில் வன்தட்டின் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வினாவுக்கும் விடை எழுதலாம். தானாகத் தேர்க என்று எழுதின், போதிய இடமுள்ள முதற்பிரிவை நிறுவல் தேர்ந்துகொள்ளும். மறுபிரிப்புச் செய்க என்று எழுதின், முதல் வன்தட்டிலுள்ள பிரிவுகள் அனைத்தையும் அழித்துப் புதிதாக அமைக்கும். எச்சரிக்கை தோன்றாது, எச்சரிக்கையும் ஒரு வினாவேயன்றோ? இதனோடு மற்றொன்றையும் பொருத்தி நோக்கல் வேண்டும். ஐ386 கோப்புறையினுள் 'பூற்ஃபிக்ஸ்' என்னும் சிறு கோப்பு ஒன்று உளது. வன்தட்டில் ஏற்கெனவே தொடங்கத்தக்க பிரிவு இருப்பின், 'வட்டிலிருந்து எழும்ப ஏதேனும் விசையை அழுத்துக' என்று கேட்பது அதுவே. அவ்வொரு வினாவும் கூடாதென அக்கோப்பை நீக்கினார் உளர். நீக்கிய வட்டை, வட்டிலிருந்தே முதலில் எழும்புமாறு அமைந்த கணினியில் இட்டால், எழுத்துத்திரை நிலை முடிந்து கணினி மீளத் தொடங்குங்கால் மீண்டும் வட்டே எழும்பும். நிறுவல் முதலிலிருந்து தொடங்கும். அது முடிவின்றிச் சுழலும். மறுபிரிப்பு விடையும் உடனிருந்து, அத்தகைய வட்டு மறதியால் இயக்கியினுள் விடப்படுமாயின், அக்கணினியை மறுநாட் காலை இயக்கும் மாணவனுடைய செயற்றிட்டக் கோப்புக்கள் யாவும் அவன் ஒரு விசையையுந் தொடாமலே அழிந்துபோம். சோம்பல் கருதி ஆக்கப்படும் வட்டிலும் இரு வினாக்களை விட்டுவைத்தல் நன்று: எழும்புதற்கு முன் விசை கேட்கும் வினா ஒன்று, பிரிவைத் தேரும் வினா மற்றொன்று. இரண்டிற்கும் விடையளிக்கச் செல்லும் நேரம் சில நிமிடங்களே.

விஸ்ராவும் அதன் பின்வந்த முறைமைகளும் விடைக்கோப்பை எக்ஸ்.எம்.எல். வடிவில் வேண்டுகின்றன. நிறுவல் ஏழு கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டத்திற்குரிய விடையைப் பிறிதொரு கட்டத்தில் எழுதின் அது பயன்தராது. 64 பிற்று முறைமைக்குரிய விடைக்கோப்பில் 32 பிற்றுக்குரிய கட்டமைப்புப் பெயரை விட்டுவைத்தால், அவ்விடைகள் செய்தியேதுமின்றிப் புறக்கணிக்கப்படும். கணினிப் பெயர் 15 எழுத்துக்களைக் கடப்பின் நிறுவல் இடையில் நின்று, விடைக்கோப்பை வாசிக்க முடியவில்லை என்று கூறும். 'பாந்தர்' என்னும் பெயருடைய கோப்புறையில் நிகழ்ச்சிப் பதிவுகளைக் காணலாம். விடைக்கோப்பைத் தேடுவதிலும் ஒரு வரிசை உண்டு: எழுதத்தக்க அகற்றுதகு ஊடகங்கள் முதலிலும், எழுதவியலா வட்டுக்கள் அதன் பின்னரும் நோக்கப்படும். ஆகவே யூ.எஸ்.பி. நினைவுக்கோல் ஒன்று பழைய விடைக்கோப்போடு கணினியிற் செருகியிருப்பின், வட்டிலுள்ள திருத்திய விடைக்கோப்பு வாசிக்கப்படாது. திருத்தியவர் திருத்தம் ஏற்கவில்லை என்று மயங்குவர்.

இவற்றிலும் வன்தட்டைத் துடைக்கும் விடை உண்டு. அதில் வன்தட்டுப் பெயராற் குறிக்கப்படாது. 0, 1, 2 என வரிசை எண்ணாற் குறிக்கப்படும். எந்தத் தட்டுக்கு எந்த எண் என்பதைத் தீர்மானிப்பது கணினியே. இரு வன்தட்டுக்கள் உள்ள கணினியிலும், புறத்தே தட்டொன்று செருகப்பட்ட கணினியிலும் 0 என்னும் எண் எதிர்பாராத தட்டைச் சென்றடைதல் கூடும். அத்தகைய கணினிகளில் நிறுவல் வேண்டாத தட்டுக்களின் வடங்களை முதலிற் கழற்றிவைத்து, முதல் திரை தோன்றியவுடன் ஷிப்ற், எஃப்10 விசைகளால் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, தட்டுக்களின் பட்டியலையும் அவற்றின் அளவையும் வாசித்து உறுதிசெய்தபின்னரே அவ்விடையைக் கோப்பிற் சேர்ப்பர் அனுபவமுடையோர்.